இயக்குநரின் அரைத் தள்ளு

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் எதுவும் தானாகத் தொடங்காது. யாராவது தொடங்கி வைக்க வேண்டும். மூன்றாம் மாடியில் கை கழுவும் குழாய் ஒன்று பழுதாகிப் புதிதாக மாட்டினார்கள். அதைத் திறந்து வைக்கத் துணை இயக்குநருக்கு நேரம் கிடைக்கும்வரை அந்த மாடிக்காரர்கள் இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்துதான் கை கழுவினார்கள். திறப்பு விழாவில் குழாயைப் பற்றி ஓர் உரையும் இருந்தது. அதைப் படம் எடுத்தவன் நான். நான்தான் இந்த நிறுவனத்தின் புகைப்படக்காரன். யாருக்கு எந்தப் பக்கத்து முகம் எடுப்பாக இருக்கும், யார் பளிச்சென்றதும் கண்ணை மூடுவார், யார் யாரை இடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வருவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. விஞ்ஞானம் மட்டும் தெரியாது. இங்கே அது ஒரு குறையாக இருந்ததில்லை.

குழாயெல்லாம் சில்லறை. பெரிய விழா என்றால் ‘முதல் தள்ளு’தான். நிறுவனத்துக்கு முதல் கணினி வந்த காலத்தில், அதில் ஓடவிருந்த முதல் கணக்கை நிறுவனர் தம் கையால் பொத்தானைத் தட்டித் தொடங்கி வைத்தார். இரண்டாவது கணக்குக்கு வேறொருவரைக் கூப்பிட்டால் அவர் மனம் புண்படுமே என்று அதையும் அவரிடமே கொடுத்தார்கள். அது பழக்கமாகி, பழக்கம் விதியாகி, விதிக்கு ஒரு குழு வந்து, குழுவுக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஏசி என்று வளர்ந்துவிட்டது. இன்றைக்கு விதி என்னவென்றால், கணக்கை எழுதியவர் அதைத் தொடங்கக்கூடாது. சோதனைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் முடிவை ஆய்வேட்டில் போட வேண்டுமென்றால் ஒரு மேலதிகாரி தள்ளித் தொடங்கியிருக்க வேண்டும்.

இந்த விதியில் வந்து மாட்டிக்கொண்டவள்தான் படிகம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. படிகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதால் கேன்டீனிலிருந்து இயக்குநர் அறை வரைக்கும் அவள் படிகம்தான். ஒருநாள் அவளுடைய அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது, என்னதான் செய்கிறாய் என்று கேட்டுவைத்தேன்.

“அண்ணா, உப்புக்கல் மாதிரி ஒரு படிகம்னு வெச்சுக்குங்க. உள்ள அணுக்கள் எல்லாம் வரிசை வரிசையா, ஒரே இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். நிஜக் கல்லுக்குள்ள போய்ப் பார்க்க முடியாதில்ல? அதனால கம்ப்யூட்டர்ல அதே மாதிரி ஒண்ணு கட்டியிருக்கேன். நடுவுல ஒரு அணுவைத் தள்ளிவிட்டா அது ஆடும். அந்த ஆட்டம் பக்கத்து அணுவுக்குத் தொத்திக்கும், அதுலேருந்து அதுக்குப் பக்கத்துக்கு. கொஞ்ச நேரத்துல எல்லாத்துக்கும் பரவி, ஒண்ணுமே இல்லாமப் போயிடும்.”

“வதந்தி மாதிரி” என்றேன்.

“அதேதான். ஆனா சரியான அளவுல தள்ளினா பரவாது. அந்த ஒண்ணு மட்டும் அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். சுத்தி இருக்கிறதெல்லாம் அசையாது. படிகத்துல ஒரு ஓட்டை இல்ல, அழுக்கு இல்ல, எல்லா அணுவும் ஒரே மாதிரிதான். இருந்தும் ஒரே இடத்துல நிக்கும்.”

“ஒருத்தர் உழைக்க, சுத்தி இருக்கிறவங்க சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் எதுக்கும்மா?” என்றேன். சிரித்துவிட்டாள். அடையாள அட்டையில் அந்தச் சிரிப்புதான் இருக்கிறது.

சிரிப்பு அதோடு சரி. அவளுடைய கணவர் வேறு ஊரில் பல் மருத்துவர். பெண் குழந்தை அவரிடம் வளர்கிறது. அதே ஊரில் ஒரு கல்லூரி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பட்டமும் இங்கிருந்து விடுவிப்பு ஆணையும் கையில் இருந்தால் போதும், அடுத்த வண்டியில் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு அவளுடைய கணக்கு ஒரே ஒரு முறை, முறைப்படி ஓர் ஓட்டம் ஓட வேண்டும். சோதனைகளில் அளவைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இரண்டு அணுக்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் கால் பங்கு தள்ள வேண்டும். குறைந்தால் பரவிவிடும், மிஞ்சினால் படிகம் உடைந்துவிடும்.

அந்தக் கால் பங்கை எடுத்துக்கொண்டு விழா அலுவலரிடம் போனாள். முதல் தள்ளுகளுக்கு அவர்தான் பொறுப்பு. நாற்காலியை இடம் மாற்றிப் போட்டால்கூட மாற்றியவரின் பதவி என்ன என்று கேட்கிற மனிதர்.

“கால் தள்ளணுமா? கால்னா அது துணை இயக்குநர் அளவும்மா. உதவி அலுவலர்னா அரைக்கால். இயக்குநர்னா அரை. அமைச்சர் வந்தா முக்கால்.”

“சார், இது யாரு தள்ளுறாங்கங்கிறதைப் பொறுத்தது இல்ல. படிகத்தைப் பொறுத்தது.”

“இயக்குநர் தள்ளுறதும் உதவி அலுவலர் தள்ளுறதும் ஒரே அளவா இருந்தா மரியாதை எங்கம்மா இருக்கு? உன் படிகத்துக்கு மரியாதை தெரியாதுன்னா அதுக்கு நிறுவனம் என்ன பண்ணும்?”

இயக்குநர்தான் தள்ளுவார் என்று முடிவாயிற்று. அவர் ஓய்வு பெறுவதற்கு அதிக நாள் இல்லை. அதற்குள் எதையெல்லாம் தொடங்கி வைக்க முடியுமோ அதையெல்லாம் தொடங்கி வைத்துக்கொண்டிருந்தார். படிகத்தின் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர், விழா என்றால் ஊரில் இருக்க மாட்டார்.

கணினிக் கூடத்தில் பெரிய திரை. அதில் சாம்பல் நிற மணிகளாக அணுக்கள். ஆடுகிற அணு சிவப்பாகத் தெரியும்படி அவள் செய்திருந்தாள். இயக்குநர் பூங்கொத்தை வாங்கி என் பக்கம் திரும்பி நின்றார். பிறகு பொத்தானைத் தட்டினார். முழு அரைத் தள்ளு. நடு அணு எகிறிப் பக்கத்து அணுவின் மேல் விழுந்தது, அது அடுத்ததன் மேல் விழுந்தது, கண்மூடித் திறப்பதற்குள் திரை முழுவதும் சிவப்பு மணிகள் மூலைக்கு மூலை பறந்தன. அப்புறம் திரையில் ஒன்றுமில்லை. கூடம் அதிரக் கைதட்டினார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “எனக்கு முன்னாடி இருந்தவங்களும் தள்ளினாங்க. என்ன ஆச்சு? கொஞ்சம் ஆடிட்டு எல்லாம் பழையபடி அடங்கிடுச்சு. இன்னிக்கு நான் தள்ளினேன். ஒரு அணுகூட இருந்த இடத்துல இல்ல! இதுதான் நிர்வாகம்.”

படிகம் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் படம் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் துணை இயக்குநரிடம் போய்க் கெஞ்சினாள். எங்கள் துணை இயக்குநர் படித்தவர், இயற்பியலும் தெரிந்தவர். அதனாலேயே வாயைத் திறக்க மாட்டார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாராம்: “கால் தள்ளினா நிக்கும்னு எனக்குத் தெரியும்மா. அதான் பயமே. இயக்குநர் உடைச்சதை நான் ஒட்ட வெச்சேன்னு பேர் வந்துடும். அந்தப் பேரோட நான் இங்க ஒருநாள்கூட இருக்க முடியாது. வேணும்னா குழுவுல வெச்சுப் பார்க்கலாம்.”

குழுவில் வைத்தார்கள். குழு மூன்று கூட்டம் போட்டு, சிக்கலின் வேரைக் கண்டுபிடித்தது. இத்தனை அணுக்கள் இருக்கும்போது ஒன்றை மட்டும் தள்ளுவது மற்றவற்றுக்குச் செய்யும் அநியாயம். தள்ளினால் எல்லாவற்றையும் தள்ள வேண்டும், ஒரே அளவில் தள்ள வேண்டும், ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே பொத்தானில் விரல் வைப்பது என்றும் தீர்மானித்தார்கள். ஒரு பொத்தானில் அத்தனை விரல்களை வைத்துப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

தட்டினார்கள். படிகம் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்து நின்றது. எல்லா அணுவும் ஒரே அளவு நகர்ந்ததால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் எதுவும் மாறவில்லை, யாருக்கும் ஆட வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லாமல் திரை அப்படியே இருந்தது.

குழுத் தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. “எல்லாரும் முன்னேறியிருக்கோம். யாருக்கும் ஒரு சலனமும் இல்ல. குழு முறையோட பெருமையை இதைவிட எப்படிச் சொல்றது?”

இரண்டு ஓட்டமும் வெற்றி என்று பதிவானது. இரண்டையும் ஆய்வேட்டில் போட்டால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் விழுந்து விழுந்து சிரிப்பார். படிகம் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன டீயை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“அண்ணா, இயக்குநர்னா அரை. சரி. எதுல அரை?”

எனக்குப் புரியவில்லை. டீயை அப்படியே விட்டுவிட்டு விழா அலுவலரிடம் ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

“சார், இயக்குநர் தள்ளுறது அரையா இருக்கணும்னு விதி. எதோட அரைன்னு விதியில இருக்கா?”

அவர் யோசித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. “எதோடன்னு இல்லம்மா. அரைன்னு இருந்தாப் போதும்.”

“அப்போ இடைவெளியில பாதியை நான் முழுசுன்னு வெச்சுக்கிறேன். அதுல இயக்குநர் அரை தள்ளட்டும்.”

“அவருக்கு அரைன்னுதானே திரையில காட்டும்?”

“பெரிய எழுத்துல காட்டும் சார்.”

பாதியில் அரை என்றால் கால். அது விழா அலுவலருக்குத் தெரியாமலில்லை, அவருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது விழா நடந்தது. அதே மாதிரி பூங்கொத்து, அதே முன்வரிசை. இயக்குநர் பொத்தானைத் தட்டினார். திரையில் ‘அரை’ என்று பெரிதாக எழுந்து மறைந்தது. நடுவில் ஒரு மணி சிவந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கியது. பக்கத்திலிருந்தவை மெல்லச் சிலிர்த்து அடங்கின. அதற்கப்புறம் அது மட்டும்தான். அத்தனை சாம்பலுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு, அலட்டிக்கொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது. இந்த நிறுவனத்தில் நான் பார்த்த அழகான காட்சி அது ஒன்றுதான். படிகத்தின் கண் கலங்கியது, எனக்கும்தான்.

கூட்டம் பொறுத்துப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்தும் அது ஆடியது. சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தோம், அப்போதும் ஆடியது. இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். “மத்தவங்க தள்ளினதெல்லாம் அடங்கிடும். நான் தள்ளினது அடங்காது” என்றார். பரவாயில்லை, அன்றைக்கு அதைக்கூட மன்னிக்கலாம் போலிருந்தது.

ஆய்வேட்டில் கையெழுத்தாகி, தேர்வும் நல்லபடியாக முடிந்து, பட்டம் கிடைத்தது. விடுவிப்பு ஆணையைத் தயார் செய்பவரும் விழா அலுவலர்தான், அவரிடம் போய் நின்றாள்.

“இயக்குநர் தொடங்கி வெச்ச ஓட்டம். அது முடியாம உன்னை விட முடியாது. முடிஞ்சுதா?”

“முடியாது சார். அதுதான் கண்டுபிடிப்பே.”

“முடியாத வேலையை முடிச்சிட்டேன்னு எப்படிம்மா ஆர்டர் போடுறது?”

“அப்போ நிறுத்திடறேன் சார். ஒரு பொத்தான்தான்.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “இயக்குநர் தள்ளினதை நீ நிறுத்துவியா?”

இயக்குநரிடமே போனாள். அங்கே விஷயம் வேறு மாதிரி கனிந்திருந்தது. தாம் தொடங்கிய ஆய்வு நடந்துகொண்டிருப்பதால் அது முடியும்வரை தாம் பதவியில் இருப்பதே முறை என்று அவர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். மேலிடமும் சம்மதித்துவிட்டது. “ஆடுற வரைக்கும் ஆடட்டும்மா. நான் எங்கயும் போகல, நீயும் போகாதே” என்றார் வாஞ்சையாக.

அதன்பிறகு அந்த அணுவுக்கு வந்த வாழ்வைச் சொல்லி மாளாது. கூடத்து வாசலில் ‘இயக்குநரின் அணு’ என்று பலகை மாட்டினார்கள். திரைக்கு முன்னால் காவலாளியை நிறுத்தினார்கள். காலையில் வந்ததும் அதிகாரிகள் அதை ஒரு நடை பார்த்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் தங்கள் அறைக்குப் போனார்கள். பார்க்க வந்த விருந்தினர்களுக்கெல்லாம் படிகம் விளக்கம் சொல்ல வேண்டும். சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் வற்றிக்கொண்டே வந்தது.

ஒருநாள் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து கணவரோடு பேசிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நான் கடந்து போகும்போது எனக்கும் கேட்டது.

“காலேஜ்ல இந்த மாசத்துக்கு மேல உனக்காக அந்த வேலையை வெச்சிருக்க மாட்டாங்களாம்” என்றார் அவர். “ நேத்தும் கேட்டாங்க.”

“பாப்பாகிட்ட குடுங்க.”

“தூங்கிட்டா.”

“இப்பவா? வெளிச்சமே போகல. பாப்பா அங்கதானே நிக்கிறா?”

“உன்கூடப் பேச மாட்டாளாம்” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்குக் கேமராவைத் தூக்கி அந்தத் திரையில் அடித்திருப்பேன். கேமரா நிறுவனத்துடையது.

மறுநாள் காலையில் படிகம் முகம் கழுவி, தலைவாரி, விழா அலுவலரின் அறைக்குப் போனாள். குரலில் தேன் சொட்டியது.

“இயக்குநருக்குப் பதவி நீட்டிப்பு கிடைச்சிருக்கு. நாம யாரும் ஒரு மரியாதைகூடச் செய்யலையே சார்?”

“செய்யணும்தான். என்ன செய்யலாங்கிற?”

“அவர் அணுவை யாரும் தொடக்கூடாது. அது அவருடையது. ஆனா சுத்தி நிறைய அணு சும்மாதானே இருக்கு? ஆளுக்கு ஒண்ணை எடுத்து, ரொம்பச் சின்னதா, பதவிக்கு ஏத்த மாதிரி ஒரு மரியாதைத் தள்ளு. இயக்குநரோட அரைக்குப் பக்கத்துலகூட வராம.”

விழா அலுவலரின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு விழா அவருக்கே தோன்றாமல் போனதில் கொஞ்சம் வருத்தமும் தெரிந்தது. அறையின் மூலையில் ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்த துணை இயக்குநர் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். இயக்குநர் நாற்காலிக்கு அடுத்து அவர்தான். நீட்டிப்பு வந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேன்டீனில் பேச்சு.

“எத்தனை பேரும்மா தள்ளலாம்?” என்று கேட்டார்.

“எத்தனை பேர் வேணும்னாலும் சார்.”

“வாகனப் பிரிவு, தோட்டப் பிரிவு, கேன்டீன் எல்லாரும்?”

“மரியாதை எல்லாருக்கும் பொதுதானே சார்.”

துணை இயக்குநர் பேனாவை மூடினார். அன்று மதியமே எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை போயிற்று. எனக்குத் தெரிந்து அவர் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான்.

விழா நாளன்று வரிசை கூடத்திலிருந்து படியிறங்கி வாகன நிறுத்தம் வரை போனது. ஒவ்வொருவராக வந்து, ஓர் அணுவைத் தேர்ந்து, பொத்தானைத் தட்டி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். யாருடைய தள்ளும் தள்ளு என்று சொல்லும்படி இல்லை. அவ்வளவு பணிவு. சிலர் திரும்ப வரிசையில் வந்து நின்று இரண்டாம் முறையும் தட்டினார்கள், முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டார்களாம்.

எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்ற நான் திரையைப் பார்த்தேன். சாம்பல் மணிகள் முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நடுங்கின. ஆட்கள் வர வர நடுக்கம் கூடியது. படிகம் முழுவதும் குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறியது. நடுவில் ஆடிக்கொண்டிருந்த சிவப்பு அணு இந்தப் பக்கம் ஓர் இடி, அந்தப் பக்கம் ஓர் இடி என்று வாங்கித் தடுமாறியது. தோட்டப் பிரிவு முடிவதற்குள் அது வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டது. கேன்டீன் வரிசை முடியும்போது எது அது என்று எனக்கே தெரியவில்லை. படிகம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். தான் கண்டுபிடித்து, தானே உயிர் கொடுத்ததைத் தானே ஆள் திரட்டிக் கொல்வது லேசா என்ன?

கடைசியாக இயக்குநர் வந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் திரையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் தேடியது.

“என்னோட அணு எங்கம்மா?”

“நடுவுல இருக்கு சார்.”

“அது ஆடலையே.”

“எல்லாரும் மரியாதை செஞ்சுட்டாங்க சார்.”

நிறுத்தியது யார் என்று கேட்டால் நிறுவனமே எழுந்து நிற்க வேண்டியிருக்கும். இயக்குநரின் கை தன்னால் மைக்கைத் தேடிப் பிடித்தது. அது கைக்கு வந்துவிட்டால் அவருக்குப் பேச்சுத் தானாக வந்துவிடும்.

“நண்பர்களே, ஒரு அணு மட்டும் தனியா ஆடிக்கிட்டிருந்துது. எத்தனை நாளைக்கு ஒண்ணே ஆடும்? நீங்க எல்லாரும் கை குடுத்தீங்க. இன்னிக்குப் பாருங்க, யாரும் தனியாத் தெரியல! யாரு ஆடுறாங்க, யாரு ஆடலன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. என் பதவிக் காலம் முழுக்க நான் பாடுபட்டதே இதுக்குத்தான்!”

முதலில் கைதட்டியவர் துணை இயக்குநர். வலிக்கும் அளவுக்குத் தட்டினார். அந்த ஆரவாரத்தில் விழா அலுவலர், விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர், குனிந்து கேட்டார்: “அப்போ ஓட்டம் முடிஞ்சுதுன்னு எழுதிக்கலாமா சார்?”

“சிறப்பா முடிஞ்சுதுன்னு எழுதுங்க!” என்றார் இயக்குநர் மைக்கிலேயே. சொன்ன பிறகுதான் தாம் சொன்னது தம் காதில் விழுந்தது. அதற்குள் படிகம் தயாராக வைத்திருந்த விடுவிப்பு ஆணையை அவர் முன்னால் நீட்டியிருந்தாள், துணை இயக்குநர் தம் பேனாவைத் திறந்து கொடுத்திருந்தார், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டார். நான் படம் எடுத்தேன். அவருடைய எடுப்பான பக்கம் அதில் விழவில்லை.

படிகத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனேன். அங்கே வந்ததும் அவள் அழுதாள்.

“சும்மா விட்டிருந்தா அது இன்னும் ஆடியிருக்கும் அண்ணா.”

“ஆடியிருக்கும்மா. நீயும் இங்கயே இருந்திருப்பே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேருந்து வந்து நின்றது. பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, பாப்பா இன்னும் கோபமாகத்தான் இருப்பாள், ஏதாவது வாங்கிக்கொண்டு போ என்றேன்.

“கோவப்படட்டும் அண்ணா” என்றாள் படியில் நின்றபடி. “என் மூஞ்சியைப் பார்த்துக் கோவப்படட்டும்.”